தட்டட்டியில் (மொட்டை மாடியில்) 6 பேனல்: 3 கிலோவாட் சோலார், 8 மாத அனுபவம்

தென்காசிப் பக்கம் எங்கள் வீடு. கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் 29 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் பேனலைவிடப் பணக் கணக்கைத்தான் அதிகம் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் வீட்டோடு வந்த பிறகு ஏசி இரண்டானது. இரண்டு மாத பில்லில் 700 யூனிட் ஓடியது, ஏறக்குறைய 3,900 ரூபாய். 500ஐத் தாண்டினால் யூனிட் விலை எகிறுவது எல்லோருக்கும் தெரியும். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று கேள்விப்பட்டு, பக்கத்து டவுனில் ஒரு கம்பெனியைப் பிடித்தோம். 540 வாட் பேனல் ஆறு, இன்வெர்ட்டர், ஸ்டாண்டு, கூலி எல்லாம் சேர்த்து 1,98,000. மானியம் வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் சோலார் செல் முதற்கொண்டு இந்தியாவில் செய்த பேனலாக இருக்க வேண்டும், அதனால் விலை கொஞ்சம் கூடத்தான்.

மானியம் முன்கூட்டி வராது. போட்டு, நெட் மீட்டர் (லைனிலிருந்து நாம் எடுப்பதையும் லைனுக்குக் கொடுப்பதையும் கணக்கிடும் மீட்டர்) மாட்டி, ஓட ஆரம்பித்த பிறகுதான் கணக்கில் ஏறும். அதுவரை முழுத் தொகையையும் நாம் புரட்ட வேண்டும். நாங்கள் கையிலிருந்து 38,000 போட்டோம். மீதி 1,60,000 தேசிய வங்கிக் கடன், வட்டி 7 சதவீதத்தை ஒட்டி. 2 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. என் காலத்தில் வீட்டுப் பத்திரம் இல்லாமல் இவ்வளவு தொகைக்கு நான் பைலையே தொட்டிருக்க மாட்டேன். மானியம் 23 நாளில் வந்தது, அப்படியே கடனில் கட்டினோம். மீதி 82,000க்கு ஐந்து வருஷத் தவணை மாதம் 1,600 சொச்சம். பழைய பில்லை மாதக் கணக்குக்குப் பிரித்தால் 1,950 வரும். இந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டுக்காரர் கையெழுத்தே போட்டார்.

இனி கம்பெனியின் வேலை. ஸ்டாண்டு நல்ல கனம், வயரிங் சுத்தம், எர்த்துக்குத் தனியாகக் குழி தோண்டினார்கள். ஆனால் ஏப்ரல் வெயிலில் ஒரு நாளைக்கு 9 யூனிட்டுதான் வந்தது. ஒரு கிலோவாட்டுக்கு 4 யூனிட் வீதம் 12 வர வேண்டும். போனில் கேட்டால் “தூசியா இருக்கும், கழுவி விடுங்கம்மா” என்றார்கள். கழுவினேன், ஏறவில்லை. ஒரு நாள் தட்டட்டியிலேயே உட்கார்ந்து பார்த்தேன். மூன்று மணி ஆனதும் அடுத்த வீட்டுத் தென்னையின் நிழல் மேற்கு ஓரத்து இரண்டு பேனலில் விழுந்தது. எல்லாப் பேனலும் ஒரே சரமாகக் கோத்திருப்பதால், இரண்டில் நிழல் விழுந்தாலும் மொத்த உற்பத்தியும் இறங்கிவிடுகிறது. அவர்கள் இடம் பார்க்க வந்தது காலை 11 மணிக்கு. நிழலைப் படம் எடுத்து அனுப்பினேன். மூன்று வாரம் இழுத்தடித்துத்தான் அந்த இரண்டையும் கிழக்கே மாற்றினார்கள், காசு கேட்கவில்லை. மறுநாளிலிருந்து 12, 13 யூனிட். நீங்கள் போடுவதாக இருந்தால் காலையிலும் சாயங்காலமும் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. கயத்தாறு, முப்பந்தல் வழியாகப் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் காற்றாலை புதிதல்ல. 1986ல் தூத்துக்குடியில் அரசுப் பணத்தில் சில காற்றாலைகளை நட்டு ஓட்டிக் காட்டினார்கள். 1990களில் மில்காரர்கள் வந்தார்கள். முழு விலையையும் முதல் வருஷமே தேய்மானமாகக் காட்டி வருமான வரியில் கழிக்கலாம், கரண்டை மின்வாரியக் கம்பி வழியாகத் தங்கள் மில்லுக்கே கொண்டுபோகலாம் என்று இருந்தது. அரசு விட்டுக்கொடுத்த வரியும் தனியார் போட்ட முதலும் சேர்ந்துதான் அந்தப் பொட்டல் காடு காற்றாலைக் காடானது. ஆனால் வரிச் சலுகை கிடைத்தது நட்டதற்குத்தான். எவ்வளவு ஓடியது என்று அதில் கேள்வி இல்லை. யூனிட்டுக்கு 50 பைசா என்று, உற்பத்தியைப் பார்த்துக் கொடுக்கும் ஊக்கத்தொகை 2009ல்தான் வந்தது. நம் தட்டட்டி மானியமும் போட்டதற்குத்தான் வருகிறது. 9 யூனிட் வந்தாலும் 78,000, 12 வந்தாலும் 78,000. அதில் ஒரு பங்கையாவது ஒரு வருஷ உற்பத்தியைப் பார்த்த பிறகு கொடுத்தால், கம்பெனிக்காரர்கள் நிழலைத் தாங்களே பார்ப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

கரண்ட் போனால் சோலாரும் நிற்கும். லைனில் வேலை பார்க்கும் ஆளுக்கு நம் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இதை விற்க வந்த தம்பி சொல்லவேயில்லை. சாரல் மாதங்களில் 7, 8 யூனிட்டுதான். அப்போதும் பில் 400 ரூபாய்க்குள் நின்றது. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் ஓடும் வீடென்றால் அவசரப்பட வேண்டாம். 100 யூனிட் ஏற்கெனவே இலவசம், போட்ட பணம் திரும்ப வெகு காலமாகும்.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். திட்டப்படி ஐந்து வருஷப் பராமரிப்பு கம்பெனி பொறுப்பு. அடுத்த சர்வீஸுக்கு ஜனவரியில் வருகிறார்கள். தினமும் நான் யூனிட் எழுதி வைக்கும் நோட்டை அன்றைக்கு மேசையில் விரித்து வைத்திருப்பேன்.