வெள்ளவத்தையில் ஒரு மாலை வகுப்பு: அணுவாயுதக் களைவின் நியாயமும் சாத்தியமும்

கொழும்பில் தமிழில் நடத்தப்படும் குறுகிய காலப் பயிற்சிநெறிகள் பெரும்பாலும் கணக்கியல், கணினி, ஆங்கிலப் பேச்சு என்ற வட்டத்தைத் தாண்டுவதில்லை. ஆகவே, காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், சிறு மண்டபமொன்றில், அணுவாயுதக் களைவு குறித்து சனிக்கிழமை மாலைகளில் ஆறு அமர்வுகள் கொண்ட வகுப்பு நடக்கவிருப்பதாக அறிந்ததும் பெயரைப் பதிந்துகொண்டேன். கட்டணம் 3,000 ரூபாய்; மாணவர்களுக்கு அதில் பாதி. ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியை ஒருவரும் சட்டத்தரணி ஒருவரும் இணைந்து நடத்துகிறார்கள். வகுப்பு செலுத்திய பணத்துக்கு மேலாகவே பெறுமதியானது. ஆனால் பாடத்திட்டத்தின் அமைப்பில் ஓர் அடிப்படைக் குறை இருக்கிறது. அதையும் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது அமர்வே இந்த வகுப்பின் உயிர்நாடி. ஒட்டுநாடா சுற்றிய சிறிய அட்டைப்பெட்டி ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, ஆசிரியை எங்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார். உள்ளே இருப்பது ஓர் இரும்புப் பூட்டு என்று ஒரு குழு உறுதியளிக்க வேண்டும். பெட்டியைத் திறக்காமலே மற்றக் குழு அதைச் சரிபார்க்க வேண்டும். ஒரு தராசும் ஒரு காந்தமும் மட்டுமே தரப்பட்டன. நிறை பொருந்தியது, காந்தமும் இழுத்தது. ஆயினும் அதே நிறையுள்ள வெறும் இரும்புத் துண்டை வைத்திருந்தாலும் விடை இதுவாகத்தானே இருந்திருக்கும். திறந்து காட்டுங்கள் என்று கேட்டபோது, பூட்டின் உள்ளமைப்பு வெளியே தெரிந்துவிடும் என்று எதிர்க்குழு மறுத்தது. "ரீச்சர், திறக்கவும் விடமாட்டார்கள் என்றால் எதை நம்பிக் கையொப்பம் வைப்பது?" என்று உயர்தர மாணவி ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே ஆசிரியை காத்திருந்தார் போலும்.

உண்மையான அணுகுண்டுத் தலைப்பை, அதாவது ஏவுகணை போன்றவற்றில் பொருத்தப்படும் வெடிக்கும் பகுதியை, சோதிப்பதிலும் இதே முடிச்சுத்தான் விழுகிறது. அதிலிருந்து வெளிப்படும் கதிர்வீச்சை முழுமையாக அளந்தால் அதன் வடிவமைப்பே புலப்பட்டுவிடும். அணுவாயுதம் இல்லாத நாட்டின் பரிசோதகர் ஒருவருக்கு அந்த அறிவு போய்ச் சேர்வதை அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தமே அனுமதிப்பதில்லை. ஆகவே, அளவீட்டை உள்ளேயே வைத்துக்கொண்டு 'பொருந்துகிறது' அல்லது 'பொருந்தவில்லை' என்ற விடையை மட்டும் விளக்கொளியால் காட்டும் கருவி தேவைப்படுகிறது, அந்தக் கருவியை இரு தரப்பும் நம்பவும் வேண்டும். அணுவாயுதமுள்ள பிரித்தானியாவும் அது இல்லாத நோர்வேயும் 2007 முதல் இத்தகைய கருவியொன்றைக் கூட்டாக உருவாக்கிப் பார்த்தன. இதையெல்லாம் பலகையில் எளிய படங்களாக வரைந்து, சாதாரண தரம் வரை மட்டும் விஞ்ஞானம் படித்தவருக்கும் விளங்கும்படி தமிழில் சொன்ன திறமையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

சாத்தியம் என்ற பக்கத்துக்கு அவர் முன்வைத்த சான்றுகளும் கனமானவை. 1986 அளவில் உலகில் ஏறத்தாழ 70,000 அணுகுண்டுத் தலைப்புகள் இருந்தன. இன்று சுமார் 12,000. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் 1987 இல் செய்துகொண்ட நடுத்தர வீச்சு ஏவுகணை உடன்படிக்கையின் கீழ், 1991 நடுப்பகுதிக்குள் 2,692 ஏவுகணைகள் மறுதரப்புப் பரிசோதகர்களின் கண்காணிப்பில் அழிக்கப்பட்டன. 1993 முதல் 2013 வரை ரஷ்யக் குண்டுகளிலிருந்து எடுக்கப்பட்ட 500 தொன் உயர் செறிவு யுரேனியம் ஐதாக்கப்பட்டு, அமெரிக்க மின் நிலையங்களில் எரிபொருளானது. எனினும் 1987 உடன்படிக்கை ஏவுகணைகளை அழித்ததேயன்றி, குண்டுத் தலைப்புகளை அழிக்கவில்லை என்பதையும், அமெரிக்கா 2019 இல் அதிலிருந்து விலகிக்கொண்டதையும் அவர் மறைக்கவில்லை.

சட்டத்தரணியின் அமர்வுகள் சற்று வறண்டவை, ஆனால் தெளிவானவை. 1970 இல் நடைமுறைக்கு வந்த பரவல் தடை ஒப்பந்தம், 1967 ஜனவரி 1 இற்கு முன்னர் குண்டு வெடித்தவர்களை அணுவாயுத நாடுகளாக ஏற்று, ஏனையோர் கைவிட வேண்டும் என்கிறது. பதிலுக்கு ஆறாம் உறுப்புரை களைவுப் பேச்சுவார்த்தையை நல்லெண்ணத்துடன் நடத்துமாறு கோருகிறது. அந்த ஒப்பந்தத்தைக் காலவரையறையின்றி நீடித்த 1995 மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் இலங்கையரான ஜயந்த தனபால. மறு ஆண்டு சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தை வழங்கியபோது, எந்தச் சூழ்நிலையிலும் அணுவாயுதப் பயன்பாடு சட்டவிரோதமானது என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் நம் நீதியரசர் கிறிஸ்தோபர் வீரமந்திரி. எதிரியின் இனம் முழுவதையும் அழிக்கவல்ல அத்திரத்தைப் பயன்படுத்த வேண்டாமென்று இராமன் இலக்குவனைத் தடுத்த இராமாயணச் செய்தியை அவர் அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டியிருந்தார். அந்தப் போரில் எதிரியின் மண்ணாக இருந்தது இலங்கை என்பதை எண்ணியபோது மண்டபத்தில் பலரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இனிக் குறைக்கு வருகிறேன். முதல் மூன்று அமர்வுகள் 'சாத்தியம்', பின் மூன்று 'நியாயம்' என்று பாடத்திட்டம் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பிரிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. இலங்கை போன்ற நாடொன்று தன்னிடமுள்ள அணுப்பொருளுக்குச் சர்வதேச அணுசக்தி முகவரகத்திடம் கணக்குக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறது. ஒரு குண்டுக்குப் போதுமானதென்று அந்த முகவரகம் கொள்ளும் 8 கிலோகிராம் புளுட்டோனியம் எங்கும் காணாமற் போகாதபடி கண்காணிப்பு நடக்கிறது. பரவல் தடை ஒப்பந்தம் அணுவாயுத நாடுகளாக ஏற்ற ஐந்து வல்லரசுகளின் குண்டுத் தலைப்புகளை எண்ணிப் பார்க்கும் அதிகாரமோ இன்றுவரை எந்தச் சர்வதேச அமைப்புக்கும் கிடையாது. பரிசோதனை ஒரு திசையில் மட்டுமே ஓடியதால்தான், மறு திசைக்கு வேண்டிய கருவிகளும் நிறுவனங்களும் அரை நூற்றாண்டாகியும் முதிரவில்லை. முழுக் களைவைத் தொழில்நுட்பச் சிக்கல் என்று சொல்லித் தள்ளிப்போடுபவர்களே அச்சிக்கலைத் தீர்க்கும் வேலைக்குச் செலவிட மறுத்தவர்கள். அநீதியே இங்கு அசாத்தியத்தின் காரணங்களுள் ஒன்றாகிவிடுகிறது.

தென்னாபிரிக்காவையும் உக்ரைனையும் வெவ்வேறு வாரங்களில் கற்பித்ததால் இந்தத் தொடர்பு தவறிப்போனது. தென்னாபிரிக்கா தானே செய்த ஆறு குண்டுகளைத் தானே பிரித்தெறிந்து, 1993 இல் உலகுக்கு அறிவித்து, பதிவேடுகளை முகவரகத்துக்குத் திறந்துவிட்டது. உக்ரைன் தன் மண்ணிலிருந்த சோவியத் ஆயுதங்களை ஒப்படைத்தபோது, 1994 புடாபெஸ்ட் குறிப்பாணையில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் ரஷ்யாவும் அதன் எல்லைகளை மதிப்பதாக உறுதியளித்தன. 2014 இலும் 2022 இலும் ரஷ்யா உக்ரைனுக்குள் படையனுப்பியபோது அந்த உறுதிமொழி என்னவானது என்று உலகம் கண்டது. ஆயுதத்தைக் கைவிட்டவருக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை இல்லாவிட்டால், அடுத்த நாடு எதற்காகக் கைவிட முன்வரும்? இதை வகுப்பில் கேட்டேன். நேரம் போதாமல் பேச்சு பாதியில் நின்றது.

இந்தியாவும் பாகிஸ்தானும் 1998 மே மாதத்தில் நடத்திய சோதனைகளுக்கு அரை மணி நேரமே ஒதுக்கப்பட்டது, நமது அயலைப் பொறுத்தவரை மிகவும் போதாதது. 67 வெடிப்புகளைத் தாங்கிய மார்ஷல் தீவுகளின் மக்களும், 456 சோதனைகள் நடந்த கசகஸ்தானின் செமிபலாத்தின்ஸ்க் பகுதி மக்களும் ஒரே வரியில் கடந்து செல்லப்பட்டது எனக்கு வேதனையளித்தது. 2017 அணுவாயுதத் தடை ஒப்பந்தம் பாதிக்கப்பட்டோருக்கு உதவுவதைக் கடமையாக்குகிறது. இலங்கையும் 2023 இல் அதில் இணைந்திருக்கிறது. நியாயம் பற்றிய பேச்சை இவர்களிடமிருந்தே தொடங்கியிருக்க வேண்டும்.

மண்டபத்தில் காற்றோட்டம் குறைவு, பின்வரிசையில் பேருந்துகளின் இரைச்சலால் பாதி கேட்காது, ஆகவே நேரத்தோடு போய் முன்வரிசையில் அமருங்கள். ஒளிப்பிரதிகள் மங்கலாக இருந்தன. உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிப்போரும் பத்திரிகைத்துறையில் இருப்போரும் அடுத்த தொகுதியில் தயங்காமல் சேரலாம். நேரம் இல்லாதவர்கள் மூன்றாவது அமர்வுக்கு மட்டுமாவது தனியாக அனுமதி கேட்டுப் பாருங்கள். எங்கள் தொகுதியில் அப்படிக் கேட்ட ஒருவருக்குக் கட்டணமின்றி இடம் கொடுத்தார்கள்.