பார்சல் வரவில்லை, கூரியர் பதில் தரவில்லை: தென்னாப்பிரிக்காவில் பணத்தை மீட்க எந்த வழி?

தீபாவளிக்கு ஆர்டர் போட்ட சேலை வரவில்லை. டிராக்கிங்கில் 'டெலிவரி ஆனது' என்று இருக்கிறது. டர்பனிலோ ஜோஹன்னஸ்பர்கிலோ இப்படி மாட்டிக்கொள்கிற பெரும்பாலோர் முதலில் பிடிப்பது கூரியரின் கால் சென்டரை. அதைவிடப் பலவீனமான வழி வேறில்லை. கடைக்காரர் அனுப்பிய பார்சலுக்குக் கூரியரோடு ஒப்பந்தம் போட்டவர் கடைக்காரர். 'அனுப்பினவரைக் கேளுங்கள்' என்று கூரியர் கையை விரித்தால் அதை அலட்சியம் என்று மட்டும் சொல்ல முடியாது, அவர்கள் கணக்கில் நீங்கள் வாடிக்கையாளரே இல்லை. கால் சென்டர் இசையைக் கேட்டுக்கொண்டு ஒரு மதியத்தைத் தொலைப்பதற்கு முன், எந்த வழி யாருக்கு உதவும் என்று பார்த்துவிடுங்கள்.

விற்றவரா, கூரியரா?

உள்நாட்டுக் கடையில் வாங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம், விற்றவர்தான். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 19-ஆம் பிரிவு: நீங்கள் பொருளைப் பெற்றுக்கொள்ளும்வரை அதன் இழப்பு விற்பவர் தலையில். சொன்ன நாளில் வரவில்லை என்றால், தாமதமாகக் கொண்டுவரும் பொருளை ஏற்கலாம், ஒப்புக்கொண்டபடி கொண்டுவரச் சொல்லலாம், அபராதம் இல்லாமல் ரத்தும் செய்யலாம். தேதி எதுவும் பேசாமல் ஆன்லைனில் வாங்கியிருந்தால் 2002-ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு கைகொடுக்கும். ஆர்டர் போட்ட 30 நாளுக்குள் அனுப்பியாக வேண்டும். தவறினால், 7 நாள் எழுத்துமூல அறிவிப்புக் கொடுத்து ரத்து செய்யலாம். 'கூரியர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள், பொறுங்கள்' என்பது கடைக்காரரின் வழக்கமான பதில். அந்த விசாரணை அவர்கள் இருவருக்கும் உள்ள கணக்கு. உங்கள் மின்னஞ்சலில் ஆர்டர் எண், தொகை, வாக்களித்த தேதி, பிரிவு 19, பணம் திரும்ப வேண்டிய நாள் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். கோபம் எழுத வேண்டாம், அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை.

பொருளை அனுப்பினவர் நீங்கள் என்றால் நிலைமை தலைகீழ். வீட்டிலிருந்து மசாலாத் தூளோ பூஜைச் சாமானோ வாட்ஸ்அப்பில் விற்று கேப் டவுனுக்கு அனுப்புகிறவர்களுக்கு எதிராளி நேரடியாகக் கூரியர்தான். இங்கே வேபில்தான், அதாவது பார்சலோடு நிரப்பிக்கொடுக்கும் அனுப்புச் சீட்டுதான், எல்லாம். மதிப்பு என்று எழுத வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டால், கூரியரின் நிபந்தனையில் உள்ள சொற்ப வரம்புதான் இழப்பீடாகக் கிடைக்கும். பணம், நகை போன்றவற்றைப் பல கூரியர்கள் ஏற்பதே இல்லை. தாலிச் சங்கிலியை 'ஆவணம்' என்று எழுதி அனுப்பிவிட்டுப் பிறகு வாதாடிப் பயனில்லை. ஆனால் 'எங்கள் பொறுப்பு இவ்வளவுதான்' என்ற வரி எப்போதும் செல்லாது. அப்படிப்பட்ட வரியை எளிய மொழியில், கண்ணில் படும்படி காட்டியிருக்க வேண்டும் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு. பாரதூரமான கவனக்குறைவுக்கான பொறுப்பை எந்த ஒப்பந்தத்தாலும் கழற்றிவிட முடியாது என்கிறது அதே சட்டத்தின் 51-ஆம் பிரிவு.

எல்லா வழிக்கும் பொதுவான ஒரு தாள்

டெலிவரிக்கான சான்று, கூரியர்காரர்கள் பேச்சில் பிஓடி. அதைப் பார்க்காமல் எந்த வழியில் போனாலும் நடுவில் தடுக்கும், ஏனென்றால் எதிர்த்தரப்பு நீட்டப்போவது அதைத்தான். விற்றவரிடம் எழுதிக் கேளுங்கள். தர மறுத்தால், உங்கள் பெயரும் கையெழுத்தும் இருக்கும் பதிவு உங்கள் தனிப்பட்ட தகவல் என்பதால், போப்பியா என்ற தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி கூரியரிடமே கேட்கலாம்.

கிடைத்ததும் பெயர், கையெழுத்து, நேரம், ஜிபிஎஸ் புள்ளி, படம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஜிபிஎஸ் புள்ளியை வரைபடத்தில் போட்டால் பாதிச் சங்கதி வெளிவந்துவிடும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பழைய முகவரிகள் 'ரோடு இத்தனை, வீடு இத்தனை' என்று எண்ணாகவே இருந்தன. பல சாலைகளுக்குப் பின்னால்தான் பெயர் வந்தது. கூரியரின் கணினியில் சாலை எண்ணும் வீட்டு எண்ணும் இடம் மாறினால் பார்சல் நாலு தெரு தள்ளிப் போகும். பின்கட்டு அவுட்பில்டிங்கில் குடியிருப்பவர் வாங்கி வைத்துவிட்டு மறந்துபோவதும் உண்டு. படத்தில் தெரியும் கேட்டும் பர்க்ளர் கார்டும் (திருட்டைத் தடுக்கும் கம்பி) உங்கள் வீட்டுடையவை அல்ல என்றால், உங்கள் வாசலைப் படமெடுத்துப் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். கையெழுத்து போலி என்றால் காவல் நிலையத்தில் ஒரு அஃபிடவிட் எழுதிக்கொடுங்கள், கட்டணம் கிடையாது. 'வண்டியை ஹைஜாக் செய்துவிட்டார்கள்' என்று கூரியர் சொன்னால் எந்தக் காவல் நிலையம், வழக்கு எண் என்ன என்று கேளுங்கள். நடந்தது உண்மையென்றால் எண் இருக்கும்.

வங்கியா, ஆம்பட்ஸ்மனா?

கார்டில் கட்டியிருந்தால் சார்ஜ்பேக்தான், அதாவது கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்ப வாங்குவதுதான், வேகமானது. வெளிநாட்டுக் கடை என்றால் நடைமுறையில் அது ஒன்றே வழி. விசா, மாஸ்டர்கார்டு விதிப்படி 'பொருள் வரவில்லை' என்ற புகாருக்குப் பொதுவாக 120 நாள் அவகாசம், பொருள் வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ண வேண்டும். இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, விற்றவரை முதலில் அணுகியதற்கான மின்னஞ்சல் இல்லாதது. இன்னொன்று, கடைக்காரர் பிஓடியை நீட்டும்போது அதை உடைக்க உங்களிடம் ஆதாரம் இல்லாதது. இஎஃப்டியில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக, அனுப்பிய பணத்துக்குச் சார்ஜ்பேக் கிடையாது, அதனால்தான் சில விற்பனையாளர்களுக்கு இஎஃப்டி மீது அவ்வளவு பிரியம். வங்கியே இழுத்தடித்தால் நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும், 2024 மார்ச் 1 முதல் இயங்கும் தேசிய நிதி ஆம்பட் திட்டத்திடம் போகலாம்.

இந்தியாவிலிருந்து தபாலில் வரும் பார்சல் தனி ரகம். சுங்கத்தில் நிற்பதைத் தொலைந்ததாக எண்ணிவிடாதீர்கள். வரி கட்டச் சொல்லி வந்த செய்தி எங்காவது கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். உண்மையிலேயே காணவில்லை என்றால், சென்னையில் அனுப்பிய அத்தையோ கடைக்காரரோ அங்குள்ள தபால் நிலையத்தில் விசாரணை மனு போட வேண்டும். உலகத் தபால் விதிப்படி, அனுப்பிய மறுநாளிலிருந்து 6 மாதம்தான் கெடு.

உள்நாட்டுக் கடை, இஎஃப்டியில் கட்டிய பணம், பதிலே இல்லை: இதற்கு, கடைகள் மீதான புகார்களை விசாரிக்கும் நுகர்வோர் பொருள் சேவை ஆம்பட்ஸ்மன். இலவசம், இணையத்திலேயே புகார் பதியலாம். நீங்கள் ஏற்கெனவே எழுதிக் கேட்டதற்கான ஆதாரத்தைக் கேட்பார்கள். அவர்கள் சொல்வது பரிந்துரைதான், தீர்ப்பாகக் கட்டுப்படுத்தாது. பெயருக்குப் பயப்படும் பெரிய நிறுவனம் கேட்கும், முகம் தெரியாத இன்ஸ்டாகிராம் கடை கேட்காது. வாடிக்கையாளர்கள் புகார் எழுதும் ஹலோபீட்டர் இணையதளத்தில் எழுதுவதும் இதே கணக்குத்தான். பெரிய கூரியர்களில் அதைக் கண்காணிக்கவே ஆள் வைத்திருப்பார்கள், அதனால் கால் சென்டரில் கிடைக்காத பதில் அங்கே கிடைப்பதுண்டு. வேபில் எண், தேதி, நடந்தது மட்டும் எழுதுங்கள். 'திருடர்கள்' என்று எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பலாம்.

ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட்

சிறு தொகை வழக்குகளுக்கான இந்த நீதிமன்றத்தைப் பலர் கடைசியில் நினைக்கிறார்கள், பலர் நினைப்பதே இல்லை. ஆனால் கட்டுப்படுத்தும் தீர்ப்பு தரும் வழி இதுதான். 2019 ஏப்ரல் 1 முதல் 20,000 ராண்ட் வரை உள்ள கோரிக்கைகளை எடுக்கிறார்கள். இரு தரப்புக்கும் வக்கீல் கூடாது. தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. வழக்குப் போடுபவர் தனிமனிதராக இருக்க வேண்டும். சொந்தப் பெயரில் மசாலா விற்பவர் போடலாம், அதே தொழிலைக் கம்பெனியாகப் பதிந்தவர் போட முடியாது. எதிர்த்தரப்பு கம்பெனியாக இருக்கலாம்.

முதலில் 14 நாள் கெடு வைத்துக் கோரிக்கைக் கடிதம். நேரில் கொடுங்கள், இல்லையென்றால் பதிவுத் தபால். அதன் ரசீதோடு மாஜிஸ்திரேட் நீதிமன்ற எழுத்தரிடம் போனால் சம்மனுக்கு உதவுவார். ஆம்பட்ஸ்மன் புகாரைப் பாதியில் வைத்துக்கொண்டு இங்கே வராதீர்கள், ஒன்றை முடித்து மற்றொன்று. மூன்று வருடக் காலவரம்பு இருப்பதால் அவசரமில்லை.

வழக்கு கெடுவது பெரும்பாலும் எதிராளியின் பெயரில். வேனில் எழுதியிருப்பது வணிகப் பெயர், உங்கள் ஊர் டிப்போ வேறொருவருடைய பிரான்சைஸாகவும் இருக்கலாம். இன்வாய்ஸின் அடியில் பொடி எழுத்தில் பதிவு எண்ணும் 'பிடிஒய் லிமிடெட்' என்று முடியும் முழுப் பெயரும் இருக்கும். கோரிக்கைக் கடிதத்திலும் சம்மனிலும் அந்தப் பெயரையே எழுத்துப் பிசகாமல் போடுங்கள். பெயர் தப்பினால் தீர்ப்பு கையில் இருந்தும், அதை நிறைவேற்றும் நீதிமன்ற அதிகாரியான ஷெரிஃப் யாரிடம் போய் வசூலிப்பார்?