சைனாடவுன் டம்ப்ளிங்: தண்ணீரில் வெந்ததா, சட்டியில் சுட்டதா, சூப் உள்ளதா?

சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் ஸ்மித் தெரு வந்துவிடும். அங்கே சைனாடவுன் காம்ப்ளெக்ஸின் இரண்டாம் தளம் முழுக்க உணவங்காடிதான். இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள். இந்த ஊரிலேயே பெரிய அங்காடி இதுதான். ஏசி கிடையாது. முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும். சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துவைக்க வேண்டும். ஆனால் நம் கண்ணெதிரே மாவை உருட்டி, பூரணம் வைத்து, நம் கொழுக்கட்டை மாதிரி டம்ப்ளிங்காக மடித்து, சில வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) வயிறு நிறையத் தருவார்கள்.

இந்த மாதிரிக் கடையில் முதல்முறை நிற்பவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவர் தட்டைப் பார்த்துச் சட்டியில் சுட்டதைக் கேட்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். இப்போது புதுக் கடை என்றால் தண்ணீரில் வெந்த ஷுவெய் ஜியாவைத்தான் முதலில் கேட்கிறேன்.

காரணம் மேல்மாவில் இருக்கிறது. கையால் தேய்க்கிறவர் நடுவில் கொஞ்சம் தடிப்பாகவும் ஓரத்தில் மெல்லிசாகவும் தேய்ப்பார். மடிக்கும்போது ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சேருமல்லவா, அந்த இடம் தடித்துப்போகாமல் இருக்க வேண்டும். இயந்திரத்தில் வெட்டிய வட்டம் எங்கும் ஒரே கனம். அது வெந்த பிறகும் மடிப்பில் ஒரு விறைப்பு நிற்கும், பல்லில் படும். கொழுக்கட்டை பிடிக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சொப்பு ஓரம் தடித்தால் என்ன ஆகும் என்று தெரியும். தண்ணீரில் வெந்த டம்ப்ளிங்கில் எண்ணெய் இல்லை, மொறுமொறுப்பு இல்லை. மாவும் பூரணமும் நன்றாக இருந்தால்தான் வாயில் இறங்கும்.

இன்னொன்று, அந்த வெந்த தண்ணீர். வட சீனாவில் டம்ப்ளிங் சாப்பிட்ட பிறகு அதே தண்ணீரை ஒரு கிண்ணம் குடிக்கிறார்கள். எந்தத் தண்ணீரில் வெந்ததோ அதுதான் செரிக்கவைக்கும் என்பது அவர்கள் வழக்கு. மாவு கரைந்து லேசாக வெளுத்து, சூடாக இருக்கும். முதல் வாயிலேயே எனக்கு வடிகஞ்சி நினைவுக்கு வந்தது.

சட்டியில் சுடுகிற குவோ டியேயின் வேலை வேறு. தட்டையான சட்டியில் எண்ணெய் விட்டு நெருக்கமாக அடுக்கி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடிவிடுவார்கள். மேல்பாகம் ஆவியில் வேகும். தண்ணீர் வற்றியதும் சத்தம் மாறும், கொதிக்கிற ஒலி போய்ப் பொரிகிற ஒலி வரும். அப்போது அடிப்பாகம் பொன்னிறமாகிவிடும். கவிழ்த்துத் தட்டில் போட்டதும் வருகிற அந்த முறுகல் வாசனையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த முறுகலே சுமாரான மேல்மாவையும் மறைத்துவிடும். உறைய வைத்து எடுத்ததுகூட இப்படிச் சுட்டால் தேறிவிடும். கூட்டம் நிற்கிற கடையில் கேளுங்கள், சட்டி அடுத்தடுத்து இறங்கும். கூட்டமில்லாத மூன்று மணிக்கு வாங்கினால் ஏற்கெனவே சுட்டு வைத்தது வரலாம்.

சூப் உள்ள சியாவ் லோங் பாவ் மூன்றாவது. உள்ளே சூப்பை எப்படி ஊற்றுகிறார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். ஊற்றுவதில்லை. பன்றித்தோலைக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றைக் குளிரவைத்தால் ஜெல்லி மாதிரி உறையும். அதை நறுக்கி இறைச்சியோடு பிசைந்து மடிக்கிறார்கள். ஆவியில் ஏற்றியதும் உருகிவிடும். கரண்டியில் வைத்து ஓரத்தில் சின்னதாகக் கடித்து ஆவியை விட வேண்டும். ஒருமுறை பசி அவசரத்தில் முழுசாக வாயில் போட்டுவிட்டு இரண்டு நாள் நாக்கில் சுவையே தெரியாமல் இருந்தேன். இதில் சிக்கல் நேரம்தான். ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் தோல் கூடையில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது கிழிந்து, சூப் வழிந்துவிடும். இதற்கு டின் டாய் ஃபங் உணவகத்துக்குப் போகலாமே என்பார்கள். அங்கே 18 மடிப்பு எண்ணி எடுக்கிற நேர்த்தி உண்டு, உண்மைதான். ஆனால் பில்லில் 10% சேவைக் கட்டணமும் 9% ஜிஎஸ்டியும் சேரும். அங்காடியில் பலகையில் எழுதிய விலைதான்.

பூரணம் பெரும்பாலும் பன்றி இறைச்சி. சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். முட்டையும் பூண்டுத்தாளும் வைத்தது சில கடைகளில் கிடைக்கும். ஆனால் அதுவும் பன்றி இறைச்சி வைத்தது வேகிற அதே பானையில் வெந்திருக்கலாம்.

தொட்டுக்கொள்ளக் கறுப்பு வினிகர் போதும். சோயா நிறைய ஊற்றினால் உப்புதான் தெரியும்.

வீட்டுக்கு வாங்கிப்போக வேண்டும் என்றால் சுட்டது வேண்டாம், டப்பாவுக்குள் வியர்த்து நமுத்துவிடும். நான் தண்ணீரில் வெந்ததையே இருபதாக வாங்கிக்கொள்வேன். பாதி இரவுக்கு. மீதியை மறுநாள் காலை தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு அடி சிவக்கும்வரை திருப்பாமல் விட்டுவிட்டால், அதுவே குவோ டியே மாதிரி ஆகிவிடும்.