ஆறு வருடம் டிஎம்மாக இருந்தபின்: மாயப்பொருள் விதிகள் எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, டைஸ் உருட்டிக் கதையாக ஆடும் விளையாட்டு. அதன் ஐந்தாம் பதிப்பை வைத்து ஆறு வருடமாக ஒரே குழுவுக்கு டிஎம்மாக (டன்ஜன் மாஸ்டர்: கதையை நடத்தி, விதிகளில் தீர்ப்புச் சொல்பவர்) இருக்கிறேன். ஐந்து பேர், ஞாயிறு மாலை, நான்கு மணி நேரம். எங்களிடம் இருப்பது 2014-இல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு. அதில் நாங்கள் அதிகம் புரட்டியதும் அதிகம் வாதாடியதும் மாயப்பொருள் பகுதியைத்தான். அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அட்யூன்மென்ட். சக்தி வாய்ந்த பொருள் என்றால் ஒரு ஷார்ட் ரெஸ்ட் (ஆட்டத்துக்குள் எடுக்கும் சிறு ஓய்வு) முழுக்க அதிலேயே கவனம் வைத்து உங்களோடு பிணைத்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு ஒரே சமயத்தில் மூன்று பொருள்தான். ஆறு வருடத்தில் நான் ஒரு முறைகூடத் தளர்த்தாத விதி இது. புது மோதிரம் கிடைத்ததும் பழைய வாளை விடுவதா வேண்டாமா என்று பிளேயர்கள் அரை மணி நேரம் பேசுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

பேக் ஆஃப் ஹோல்டிங் என்ற மாயப்பையின் விதியும் அப்படித் தெளிவானதுதான். 500 பவுண்டு, 64 கன அடி வரை கொள்ளும். பையின் எடை எப்போதும் 15 பவுண்டு. உள்ளே ஓர் ஆள் 10 நிமிடம் மூச்சு விடலாம், இருவர் என்றால் 5 நிமிடம். இப்படித் தெளிவாக எழுதியிருப்பதால்தான் எங்கள் ரோக் (திருடன் பாத்திரம் ஆடுபவர்) ஒரு கைதியைப் பைக்குள் வைத்துக் கோட்டை வாசலைக் கடக்க முடிந்தது. போனில் 10 நிமிட டைமர் ஓட, காவலாளியாக நான் பேச்சை வளர்த்துக்கொண்டே போனேன். மேசையில் ஒருவரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

தெளிவில்லாத இடத்தில்தான் டிஎம்மின் தீர்ப்பு தேவைப்படுகிறது. இம்மூவபிள் ராட் என்ற மாயக் கோலை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்தினால் நின்ற இடத்தில் நிற்கும், 8,000 பவுண்டு வரை தாங்கும், அசைக்க டிசி 30 வலிமைச் சோதனை (டைஸும் வலிமையும் சேர்ந்து 30-ஐத் தொட வேண்டும்). சரி, ஓடும் கப்பலில் அழுத்தினால்? கடலை வைத்தா, கப்பலை வைத்தா, எதை வைத்து ‘அசையாது’ என்று புத்தகம் சொல்லவில்லை. எங்கள் ஃபைட்டர் (போர்வீரன் பாத்திரம் ஆடுபவர்) கப்பலின் கீழ்த்தளக் கதவை அடைக்க அதை வைத்தபோது, கப்பலோடு சேர்ந்து நகரும் என்றேன். மூன்று மாதம் கழித்து நான் ஆடிய ஒரு கொள்ளைக்காரன் அதே கோலைக் கப்பலோடு நகராமல் நிறுத்தி, அதில் மோதவைத்து இவர்கள் கப்பலின் பாய்மரத்தை முறித்தான். "அன்னைக்கு வேற மாதிரி சொன்னீங்களே அண்ணா" என்றார் அந்த ஃபைட்டர். அவர் சொன்னது நியாயம். அந்தக் காட்சியை அழித்துவிட்டு மறுபடி ஆடினோம். அன்றே ஒரு நோட்டு வாங்கினேன். எந்தத் தீர்ப்பையும் டைஸ் உருட்டும் முன் சொல்லி, அதில் எழுதுகிறேன். வில்லனுக்கும் அதே தீர்ப்புதான்.

குறை என்றால், பொருள் எவ்வளவு அரிது என்று தரம் பிரிக்கும் அபூர்வத்தன்மை வரிசை. பறக்கும் துடைப்பம் வெறும் ‘அன்காமன்’, அதாவது கீழிருந்து இரண்டாம் படி. அட்யூன்மென்ட் வேண்டாம், நேர வரம்பும் இல்லை. பறக்க ஃப்ளை மந்திரம் போடும் விசார்டுக்கோ (மந்திரவாதி பாத்திரம்) பத்தே நிமிடம், அதுவும் கான்சன்ட்ரேஷன் (மந்திரத்தில் வைத்த கவனம்) உடையாத வரை. அந்த வரிசையை நம்பிப் பரிசு கொடுக்காதீர்கள். பொருளின் விவரத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

மருந்துக் குப்பியைக் குடிக்க 2014 விதிப்படி, ஒருவர் முறையில் கிடைக்கும் முக்கியச் செயலான ஒரு முழு ஆக்‌ஷன் போய்விடும். சாகக் கிடப்பவர் 2டி4+2 (இரண்டு நான்முக டைஸின் கூட்டலோடு 2) உயிருக்காகத் தன் முறையையே இழப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. இரண்டாம் வருடமே, முக்கியச் செயலை இழக்காமல் கூடுதலாகச் செய்யும் போனஸ் ஆக்‌ஷன் ஆக்கினோம். 2024 பதிப்பு அதையே விதியாக்கியபோது குழுவில் எல்லோருக்கும் அவ்வளவு மகிழ்ச்சி.

அப்புறம், நான் செய்த பெரிய தவறு. டிகான்டர் ஆஃப் எண்ட்லெஸ் வாட்டர் என்ற குடுவை, கெய்சர் என்று சொன்னால் ஒரு முறைக்கு 30 கேலன் நீரைப் பீய்ச்சும். எங்கள் ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி பாத்திரம் ஆடுபவர்) அதை எறும்புப் புற்று போன்ற ஒரு சுரங்கத்தின் வாயில் வைத்து, நாள் முழுக்கத் தண்ணீர் விட்டார். நான் மூன்று வாரம் உட்கார்ந்து எழுதிய சுரங்கம் மூழ்கிப்போனது. விதிப்படி அவர் செய்ததில் ஒரு பிசகும் இல்லை. அடுத்த வாரம் ஒரு திருடனை அனுப்பிக் குடுவையைப் பறித்தேன். அதன்பின் இரண்டு மாதம் அவர் வாளைச் சுழற்றியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. புதிதாக எதையும் கேட்கவும் இல்லை. தீர்ப்பு என்ற பெயரில் ஒருவரின் புத்திசாலித்தனத்துக்குத் தண்டனை கொடுத்திருக்கிறேன் என்று எனக்குப் புரிய அவ்வளவு நாள் ஆனது.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஆட்டத்தில் திருடன் பிடிபட்டான், குடுவை அவர் கைக்கு வந்தது. வாங்கியவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி: "குளிர்காலத்துல இந்தத் தண்ணி உறையுமா?" டைஸைத் தொடும் முன், உறையும் என்று நோட்டில் எழுதினேன்.