சில்லு வைத்த கருவிப் பெட்டி: வெள்ளவத்தை உப்புக் காற்றில் எது உழைத்தது, எது உழைக்கவில்லை

கொழும்பில் வீட்டுப் பட்டறைக்கு இரும்புக் கருவிப் பெட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் லாச்சிகளை எண்ணுகிறார்கள். ஐந்தா, ஏழா என்பதே கடையில் நடக்கும் பேச்சு. நான் அதைக் கடைசியாகத்தான் கேட்பேன். சில்லையும் லாச்சி ஓடும் ரன்னரையும் கழற்றிவிட்டு, இரும்புச் சாமான் கடைகள் நிறைந்த பழைய சோனகத் தெருவில் கிடைக்கும் வேறொன்றைப் பூட்ட முடியுமா என்பதே என் முதல் கேள்வி. முடியுமானால் நடுத்தர விலைப் பெட்டியும் பல ஆண்டு உழைக்கும். முடியாவிட்டால், எவ்வளவு பளபளப்பான பெட்டியானாலும் சில மழைக்காலங்களில் அது நகராத அலுமாரியாகிவிடும்.

என் பட்டறை வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடல் பக்கமாக உள்ள ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. வாகனம் நிறுத்தக் கட்டிய கராஜில் வேலை மேசையும் வைஸும் போட்டிருக்கிறேன். கதிரை மேசை திருத்துவது, சைக்கிள் வேலை, மின்விசிறி, தையல் இயந்திரம் என்று கையில் அகப்படுவதெல்லாம் செய்வேன். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நேரே வீசும். அந்தக் காற்றோடு வரும் உப்புத்தான் இங்கே இரும்புக்கு முதல் எதிரி. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கொழும்பில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேலேதான் நிற்கிறது. ஆகவே உப்புப் படிந்த தகடு, மழை பெய்யாத நாளிலும் நனைந்தே இருக்கிறது. உள்நாட்டு வறண்ட ஊரிலோ குளிர்நாட்டிலோ ஒருவர் ஒரு பெட்டியைப் புகழ்ந்து சொன்னால், அந்தப் புகழ்ச்சியை அப்படியே இங்கே நம்ப முடியாது.

மரப் பெட்டி வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் கறையான் காரணம். சுவரில் பலகை அடித்துக் கருவிகளைத் தொங்கவிடுவது பார்க்க அழகு, எடுக்கவும் வசதி. ஆனால் ஒவ்வொரு உளியும் ஒவ்வொரு குறடும் காற்றுக்கு முகம் காட்டிக்கொண்டு நிற்கும். மூடிய லாச்சிதான் எனக்குச் சரிவந்தது.

வாங்கியது 2023இல், இறக்குமதிக் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்துகொண்டிருந்த காலத்தில். முந்திய ஆண்டில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியிருந்தது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் பழைய விலையில் கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. அதையும் சேர்த்துத்தான் இன்று கணக்குப் போடவேண்டும். ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போவதில்லை என்று எல்லை வகுத்துக்கொண்டு புறக்கோட்டைப் பக்கம் தேடினேன். கிடைத்தது ஏறக்குறைய 70 சென்றிமீற்றர் அகலமும் 45 சென்றிமீற்றர் ஆழமும் கொண்ட ஏழு லாச்சிப் பெட்டி. வர்த்தகப் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். ஒரே அமைப்புள்ள பெட்டிகள் வெவ்வேறு நிறத்திலும் பெயரிலும் வருகின்றன. பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுபவருக்கு நான் சொல்லும் எதுவும் உதவாது. கையால் தொட்டுப் பார்க்கிறவருக்கே உதவும்.

தகட்டின் தடிப்பைக் கேஜ் கணக்கில் சொல்வார்கள். எண் கூடக்கூடத் தகடு மெல்லியதாகும். 18 கேஜ் என்றால் ஏறக்குறைய 1.2 மில்லிமீற்றர், 20 என்றால் 0.9, 22 என்றால் 0.75. தடிப்பை அளக்கும் வேணியர் கருவி ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோய் லாச்சியின் ஓரத்தை அளப்பது நல்லது. பெயின்ற் பூச்சும் அதில் சேரும் என்பதால் 0.1 மில்லிமீற்றர் அளவு கழித்துப் பார்க்கவேண்டும். அளக்க விடாத கடையில் நிறையைக் கேளுங்கள். ஒரு சதுர மீற்றர் பரப்பும் ஒரு மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள இரும்புத் தகடு 7.85 கிலோ. ஒரே அளவுள்ள இரண்டு பெட்டிகளில் ஒன்று பத்துக் கிலோ குறைவாக இருந்தால், அந்தக் குறைவு பெரும்பாலும் தகட்டில்தான் இருக்கிறது. என் பெட்டியின் உடல் 20 கேஜ், லாச்சிகள் அதைவிடக் கொஞ்சம் மெல்லியவை. வீட்டு வேலைக்கு இது போதும். இன்றுவரை உடல் முறுக்கவில்லை, எந்த லாச்சியும் கோணவில்லை.

சில்லுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் கடையில் யாரும் அவற்றைப் பார்ப்பதில்லை. பெட்டியோடு வந்தவை நான்கு அங்குலச் சில்லுகள். பிளாஸ்டிக் நடுப்பகுதியைச் சுற்றிப் பொலியூரித்தேன் பட்டை. ஆரம்பத்தில் சத்தமே இல்லை, மிக நன்றாக உருண்டன. பிறகு பட்டையில் வெடிப்பு வந்தது. ஒரு நாள் தள்ளும்போது, நெடுநாள் அலுமாரியில் கிடந்த சப்பாத்தின் அடி உதிர்வதைப் போலத் துண்டு துண்டாக உதிர்ந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பொலியூரித்தேனில் ஒரு வகை, வெப்பமும் ஈரமும் சேர்ந்த காற்றில் நீரோடு வினைபுரிந்து மெல்ல மெல்லச் சிதைகிறது. பயன்படுத்தாமல் வைத்தாலும் சிதையும்.

நல்லவேளையாக என் பெட்டியின் சில்லுகள் நான்கு துளைத் தகட்டில் போல்ட் போட்டுப் பூட்டியவை. வாங்கும்போதே இதைக் குனிந்து பார்த்திருந்தேன். கடைக்காரரிடம், "நானா, ஒரு சில்லைக் கழற்றிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். "கழற்றுங்கள் தம்பி, திரும்பப் பூட்டித் தந்தால் சரி" என்றார். ஒட்டிவைத்த சில்லாகவோ ரிவெட் அடித்த சில்லாகவோ இருந்திருந்தால் அங்கேயே திரும்பியிருப்பேன். பழையவை உதிர்ந்த பிறகு, பழைய சோனகத் தெருவில் ஐந்து அங்குல நைலோன் சில்லுகள் நான்கை ஒன்றாக வாங்கி மாற்றினேன். ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் உயரம் பொருந்தாது. நைலோனுக்கு ஈரம் பெரிய பகையில்லை. ஆனால் சீமெந்துத் தரையில் கடகடவென்று சத்தம் போடும், ஓடு பதித்த தரையில் கோடும் விழலாம். அப்படியான தரையுள்ளவர்கள் றப்பர் சில்லுப் போடலாம். ஆனால் பாரத்தோடு ஒரே இடத்தில் நெடுநாள் நின்றால் றப்பர் தட்டையாகிவிடும் என்பதையும் எதிர்பார்க்கவேண்டும்.

சில்லின் பாரத்தைக் கணக்கிடும்போது மொத்த நிறையை மூன்றால் வகுக்கவேண்டும், நான்கால் அல்ல. மேடு பள்ளமான தரையில் எந்த நேரமும் ஒரு சில்லு தூக்கி நிற்கும். மற்ற மூன்றுமே சுமக்கும். பெட்டியும் கருவிகளும் சேர்ந்து 180 கிலோ என்றால் ஒவ்வொரு சில்லும் 60 கிலோவைத் தாங்கவேண்டும். பிரேக் உள்ள சில்லுகள் குறைந்தது இரண்டு கட்டாயம் வேண்டும்.

சில்லு பெரிதானதில் இன்னொரு நன்மையும் உண்டு. கனமழையில் ஒழுங்கைத் தண்ணீர் கராஜுக்குள் வரும்போது, அடித்தட்டு தரைக்கு மேல் நல்ல உயரத்தில் இருக்கிறது. நகர்த்திவிட்டுத் தரையைக் கழுவவும் முடிகிறது.

ரன்னர்கள் குண்டுப் பேரிங் வகை. அவற்றில் முதலில் வெள்ளைத் தூள் பூத்தது. அது இரும்பின் மேலுள்ள நாக (சிங்க்) பூச்சு கரைவதன் அடையாளம். அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்து வருவது செங்கறள். கிறீஸ் பூசினால் மரத்தூள் அப்பிக்கொண்டு லாச்சி இறுகிப்போகிறது. மரவேலை செய்பவர்கள் அதைத் தவிர்க்கவேண்டும். துணியால் துடைத்துவிட்டு, தையல் இயந்திர எண்ணெயை மெல்லியதாகத் தடவி, மிஞ்சியதையும் துடைத்து எடுத்துவிடுகிறேன். பருவமழைக்கு முன்னும் பின்னும் இதைச் செய்தால் போதுமாக இருக்கிறது.

பெட்டியோடு வந்த நுரை விரிப்பை அகற்றுங்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். அது ஈரத்தை அடியில் பிடித்துவைத்துக்கொள்கிறது. என் பெட்டியில் முதல் கறள் புள்ளிகள் வந்தது வெளியில் அல்ல, விரிப்புக்கு அடியில். வலை போன்ற பிவிசி விரிப்பும் போட்டுப் பார்த்தேன். வெப்பத்தில் அது ஸ்குறூ டிரைவர்களின் பிளாஸ்டிக் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டது. இப்போது பழுப்புத் தாளை மடித்துப் போடுகிறேன், அழுக்கானால் மாற்றலாம். அடிக்கடி எடுக்காத உளிகளுக்கும் அரங்களுக்கும் வாஸ்லின் மெல்லியதாகப் பூசிச் சுற்றிவைக்கிறேன். அப்பாவின் பழைய உளிகள் அப்படித்தான் கறளில்லாமல் இருக்கின்றன. அவற்றுக்காகத்தான் இந்தப் பெட்டியையே வாங்கினேன் என்றும் சொல்லலாம்.

வெளிப்பூச்சு பரப்பில் நன்றாக நிற்கிறது. மூலைகளிலும் துளைகளின் விளிம்பிலும் மட்டும் கொப்பளித்தது. கறளைச் சுரண்டி, உப்புத் தாள் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் துடைத்து உலரவிட்டு, ரெட் ஒக்சைட் அடிப்பூச்சும் அதன் மேல் எனாமலும் பூசினேன். தண்ணீரில் துடைப்பதை விட்டுவிடக் கூடாது. உப்பு உள்ளே இருந்தால் பூச்சுக்கு அடியிலேயே கறள் தொடரும்.

குறை என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால், அது பாதுகாப்பு. விலை கூடிய பெட்டிகள் சிலவற்றில் ஒரு லாச்சி திறந்திருக்கும்போது மற்றது திறக்காதபடி தடுப்பு இருக்கும். இதில் இல்லை. பாரமான மேல் லாச்சிகள் இரண்டை முழுவதும் இழுத்தால் பெட்டி முன்பக்கம் சாயும். 150 கிலோவுக்கு மேல் ஒரு பிள்ளையின் மேல் விழுந்தால் என்னாகும் என்று எண்ணவே முடியவில்லை. எங்கள் வீட்டுக்குச் சிறுவர்கள் வந்துபோவார்கள். பாரமானவை எல்லாம் கீழ் லாச்சிகளில், மேலே அளவுகோலும் ஸ்குறூ டிரைவர்களும் மட்டும், வேலை முடிந்ததும் பூட்டு. தடுப்புள்ள பெட்டி உங்கள் பணத்துக்குள் கிடைத்தால், ஒரு லாச்சி குறைந்தாலும் அதையே வாங்குங்கள். பூட்டு உப்பில் இறுகினால், பென்சில் கரியைச் சாவியில் தேய்த்துப் போட்டுத் திருப்பினால் இளகுகிறது.

மாடிவீட்டுக்காரர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வெறும் பெட்டியே ஐம்பது கிலோவை ஒட்டி வரும். பட்டா லொறியிலிருந்து இறக்கவே இருவர் தேவை. கையில் தூக்கும் இரண்டு சிறிய பெட்டிகள் அவர்களுக்கு மேல்.

அடுத்து நான் மாற்றவிருப்பது கீழ் லாச்சியின் ரன்னர்களை. துளைக்கருவியும் கிரைண்டரும் அதில்தான் இருக்கின்றன. இழுக்கும்போது முன்பக்கம் கொஞ்சம் தாழ்கிறது. பான்ட்ரி அலுமாரிகளுக்கு விற்கும் 45 மில்லிமீற்றர் அகலமும் 16 அங்குல நீளமும் கொண்ட ரன்னர் இதற்குப் பொருந்துகிறது. ஒவ்வொரு பக்கமும் அரை அங்குல இடைவெளி அளந்து பார்த்துவிட்டேன். அந்த லாச்சி ஆழமானது என்பதால் ஒரு சோடிக்குப் பதிலாக இரண்டு சோடி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பூட்டப் போகிறேன்.