கிரேக்க ரிகானியா, புரோவான்ஸ் தைமா?

கிரேக்க மலைச்சரிவுகளில் தானாக விளையும் ஆரிகானோ என்ற மூலிகைக்கு அங்கே ரிகானி என்று பெயர். பூக்கும் பருவத்தில் அறுத்து, கட்டாகக் கட்டி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். பச்சை இலையைவிட உலர்ந்ததற்கே அங்கு மதிப்பு அதிகம். அது நியாயம்தான், காய்ந்த பிறகுதான் அதன் காரமான வாசனை திரண்டு நிற்கிறது. தக்காளியும் வெள்ளரியும் ஃபெட்டா பாலாடைக்கட்டியும் சேர்ந்த சாலட்டின் மேல், பரிமாறும் நேரத்தில் உள்ளங்கைகளுக்கு நடுவே கசக்கித் தூவ வேண்டும். எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றி வேகவைக்கும் உருளைக்கிழங்குக்கும், சுட்ட ஆட்டிறைச்சிக்கும் இதற்கு மாற்றே இல்லை என்பேன்.

தெற்கு பிரான்ஸின் புரோவான்ஸில் சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையே வளரும் காட்டுத் தைம் என்ற மூலிகை வேறு குணம் கொண்டது. அதில் தைமால் என்ற மணப்பொருள் உண்டு; நம் ஓமத்தின் மணமும் அதிலிருந்தே வருகிறது. மாட்டிறைச்சியைத் திராட்சை மதுவில் மணிக்கணக்கில் வேகவைக்கும் தோப் குழம்பில் இதைத் தொடக்கத்திலேயே காம்போடு போட்டு, இறக்கும்போது காம்பை எடுத்துவிடுவார்கள். நீண்ட கொதியிலும் மணம் குலையாது.

பொடியாக வாங்காதீர்கள், இரண்டுமே காம்போடு கிடைத்தால் நல்லது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், அடுப்பேற்றாத உணவுக்கும் உதவும் ரிகானியையே நான் எடுப்பேன்.