குதிகால் தசைநாண் ஸ்கேன்: மதுரையில் கிடைப்பதும் கேட்டு வாங்க வேண்டியதும்

மதுரையில் குதிகால் வலிக்கு அல்ட்ராசவுண்ட் எடுப்பது சுலபம். கோரிப்பாளையம், பனகல் சாலை, கே.கே. நகர், அண்ணா நகர் பக்கம் ஸ்கேன் சென்டர்களுக்குப் பஞ்சமே இல்லை. எலும்பு டாக்டரின் சீட்டு கையில் இருந்தால் காலையில் டோக்கன் போட்டு, பெரும்பாலும் அன்றைக்கே ரிப்போர்ட்டோடு திரும்பிவிடலாம். கனடாவில் இதே ஸ்கேனுக்குக் காத்துக் கிடப்பவர்களுக்கு இது பெரிய வசதிதான்.

ஆனால் லீவுக்கு ஊருக்கு வருகிறவர்களில் சிலர் படத்தோடு ஓர் எண்ணையும் எதிர்பார்க்கிறார்கள். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாண் (அக்கிலீஸ் டென்டன்) எவ்வளவு விறைப்பு என்று வெளிநாட்டில் ஒருமுறை அளந்திருப்பார்கள். ஊரிலும் அளந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தேறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. பழுது சென்டரில் இல்லை, அளவீட்டின் தன்மையிலேயே இருக்கிறது.

முதல் குழப்பம் போனிலேயே தொடங்கிவிடும். திசுவின் விறைப்பை அளக்கும் ஸ்கேனுக்கு எலாஸ்டோகிராஃபி என்று பெயர். ‘எலாஸ்டோகிராஃபி இருக்கா?’ என்று கேட்டால், ரிசப்ஷனில் கல்லீரலுக்கு என்று நினைத்து ‘இருக்கு, வெறும் வயித்துல வாங்க’ என்பார்கள். கல்லீரலுக்கான ஃபைப்ரோஸ்கேன் கருவி தசைநாணுக்கு உதவாது. பெரியவர்களுக்கான அதன் வழக்கமான ப்ரோப் (தோலில் வைக்கும் கைப்பகுதி) தோலுக்குக் கீழே 25 முதல் 65 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் அளக்கும். குதிகால் தசைநாணோ தோலுக்குச் சில மில்லிமீட்டர் கீழேயே இருக்கிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி இது: “லீனியர் ப்ரோபில் ஷியர் வேவ் ஆப்ஷன் இருக்கா? மஸ்குலோஸ்கெலிட்டல் பார்க்கிற டாக்டர் எந்த நாள் வருவாங்க?” லீனியர் ப்ரோப் என்பது தோலுக்கு அருகில் இருப்பதைப் பார்க்கும் தட்டையான முனை, மஸ்குலோஸ்கெலிட்டல் என்பது தசை, எலும்பு, மூட்டு சார்ந்தது, ஷியர் வேவ் என்னவென்று கீழே வருகிறது. இரண்டாவது கேள்விதான் முக்கியம். வயிற்று ஸ்கேனில் கைதேர்ந்தவருக்குத் தசைநாணும் பழக்கமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ‘எலாஸ்டோ’ என்ற பெயரில் இரண்டு முறைகள் உண்டு. ப்ரோபை லேசாக அழுத்தி அழுத்தி நிறம் காட்டுவது ஸ்ட்ரெய்ன் முறை. பக்கத்துத் திசுவோடு ஒப்பிட்டு மென்மையா கடினமா என்று மட்டும் அது சொல்லும், விறைப்புக்கு நேரடி எண் கிடைக்காது. ஷியர் வேவ் முறையில் கருவியே ஓர் ஒலித்துடிப்பால் திசுவை உள்ளே தள்ளிவிட்டு, அதனால் பக்கவாட்டில் ஓடும் அலையின் வேகத்தை அளக்கும். விறைப்பு கூடினால் வேகமும் கூடும். தசைநாண் கெட்டுப்போன இடத்தில் வேகம் பொதுவாகக் குறையும்.

எடுக்கும் விதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. குப்புறப் படுத்து, முழங்கால் நேராக, பாதம் கட்டிலின் விளிம்புக்கு வெளியே இருக்க வேண்டும். ஆனால் ஒரே ஸ்கேனில் சாதாரணப் படம், டாப்ளர், ஷியர் வேவ் என்ற மூன்று வேலைக்கும் பாதம் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. சாதாரணப் படத்துக்குத் தசைநாண் கொஞ்சம் இழுபட்டிருக்க வேண்டும். தளர்ந்தால் அலையலையாக மடங்கும், ஒலிக்கற்றை செங்குத்தாக விழாத இடம் கறுப்பாகத் தெரியும், அதைக் கிழிசல் என்று எழுதிவிட வாய்ப்புண்டு. ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளருக்கு நேர்மாறாகப் பாதம் தளர்ந்திருக்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் புதிதாக முளைத்த நுண்குழாய்கள் நசுங்கி ஒன்றுமே தெரியாது. ப்ரோபை அழுத்தினாலும் அதே கதைதான்.

ஷியர் வேவுக்கு வேண்டியது குறித்துவைத்த ஒரு கோணம். கணுக்கால் சில டிகிரி மேலே மடங்கினாலே இழுவிசை ஏறி வேகமும் ஏறிவிடும். கால் ‘சும்மா தொங்கும்’ நிலையும் ஆளுக்கு ஆள் மாறும், வலது காலுக்கும் இடது காலுக்கும்கூட மாறும். மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டர் ஒன்றைக் கொண்டுபோங்கள். மருத்துவ உபகரணக் கடைகளில் பிளாஸ்டிக்கில் மலிவாகக் கிடைக்கும். பாதத்துக்கு ஒரு பலகையை முட்டுக்கொடுத்துக் கோணத்தை ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். ஜெல்லைத் தடிமனாகப் போட்டு, ப்ரோபை நீளவாக்கில், எடை கொடுக்காமல் வைக்க வேண்டும். குறுக்குவாக்கில் வைத்தால் வேகம் வெகுவாகக் குறைந்து காட்டும். நார்கள் ஒரே திசையில் ஓடுவதுதான் காரணம். நிறம் நிலைப்படும்வரை சில விநாடிகள் அசையாமல் பிடித்து, ப்ரோபை எடுத்து மறுபடி வைத்து, இப்படி மூன்று முறையாவது அளக்க வேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகி நின்றால் சராசரி போடுவதில் அர்த்தமில்லை.

ரிப்போர்ட்டில் விறைப்பு கிலோபாஸ்கல் என்ற அலகில் மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்து, மீட்டர்/விநாடியில் கேளுங்கள். கருவி அளப்பது வேகத்தை மட்டுமே. அதன் வர்க்கத்தை அடர்த்தியாலும் 3-ஆலும் பெருக்கி கிலோபாஸ்கல் ஆக்குகிறது. 10 மீட்டர்/விநாடி 300 கிலோபாஸ்கல் ஆவது இப்படித்தான். திசு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி, போதுமான தடிமன் கொண்டது என்றால்தான் இந்தச் சூத்திரம் பொருந்தும். தசைநாண் இரண்டுமே இல்லை. 500 ஹெர்ட்ஸில் விநாடிக்கு 10 மீட்டர் ஓடும் அலையின் நீளம் 20 மில்லிமீட்டர். தசைநாணின் தடிமனோ 5 மில்லிமீட்டர் சுற்றித்தான். குறுகிய சந்துக்குள் ஓடும் அலையை வைத்து மைதானத்தை அளக்கிற மாதிரி. தவிர, கருவிக்கு உச்சவரம்பு உண்டு, சிலவற்றில் 800 கிலோபாஸ்கல், அதாவது ஏறக்குறைய 16 மீட்டர்/விநாடி. பாதத்தை மேலே மடக்கினால் நல்ல தசைநாணே அந்த வரம்பைத் தொட்டுவிடும். படம் முழுக்க ஒரே சிவப்பு என்றால் அது அளவே இல்லை, முள் முட்டி நிற்கிறது.

உண்மையான விறைப்பு, அதாவது தசைநாண் ஒரு மில்லிமீட்டர் நீள எவ்வளவு விசை வேண்டும் என்பது, நியூட்டன்/மில்லிமீட்டரில் வரும். அது ஆய்வுக்கூட வேலை, ஸ்கேன் சென்டரில் எதிர்பார்க்காதீர்கள். காலை விசை அளக்கும் டைனமோமீட்டரில் கட்டி, மெதுவாக அழுத்தத்தைக் கூட்டச் சொல்லி, தசையும் நாணும் சேரும் இடம் எவ்வளவு நகர்கிறது என்று அல்ட்ராசவுண்டில் தொடர்வார்கள். 100 நியூட்டன்-மீட்டர் திருப்புவிசையை 5 சென்டிமீட்டர் நெம்புகையால் (கணுக்கால் மூட்டின் மையத்திலிருந்து தசைநாண் வரை உள்ள தூரம்) வகுத்தால் 2000 நியூட்டன். நீட்சி 12 மில்லிமீட்டர் என்றால் சராசரி விறைப்பு சுமார் 167 நியூட்டன்/மில்லிமீட்டர். ஆனால் கட்டு தளர்ந்து கணுக்கால் 5 டிகிரி திரும்பினாலே 4 மில்லிமீட்டருக்கு மேல் பொய் நீட்சி சேர்ந்துவிடும். அதைக் கழிக்காத முடிவை நம்ப வேண்டாம்.

என் அபிப்பிராயத்தில், ஊரில் செலவழிக்கத் தகுந்தது நல்ல சாதாரண ஸ்கேனும் டாப்ளரும். எண் வேண்டுமென்றால் ஒரே சிட்டிங்கில் இரண்டு காலையும் அளந்து ஒப்பிடுங்கள். வேறு கம்பெனிக் கருவியில் எடுத்த பழைய எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

யானைமலை ஏறிவிட்டு அன்று மாலையே ஸ்கேனுக்குப் போக வேண்டாம். சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை, கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது, அப்பாயின்ட்மென்ட் போடாதீர்கள்.

வயிறு கெட்டால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் மாத்திரைகள் தசைநாணுக்கு ஆகாதவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008-லேயே இந்த வகை மருந்துகளின் விவரக்குறிப்பில் தசைநாண் கிழியும் அபாயத்தைக் கட்டமிட்ட எச்சரிக்கையாகச் சேர்க்கச் சொன்னது. 60 வயது தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் அபாயம் கூடுதல். ஏற்கனவே குதிகால் வலி இருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லி வேறு மருந்து கேளுங்கள்.

போனில் சொருகும் கையடக்க அல்ட்ராசவுண்ட் ப்ரோபை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து மாமாவின் காலைப் பார்க்கலாம் என்று பிசியோதெரபி நண்பர்கள் நினைப்பதுண்டு. கூடாது. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அல்ட்ராசவுண்ட் கருவி பதிவுபெற்ற இடத்தில், தகுதியுள்ள மருத்துவர் கையில்தான் இருக்கலாம். காலுக்கு மட்டும்தான் என்ற சமாதானம் எடுபடாது.

கிளம்பும்போது பிரிண்ட் மட்டும் வாங்காமல் டைகாம் ஃபைல்களை (ஸ்கேனின் அசல் டிஜிட்டல் கோப்புகள்) சிடியிலோ பென்டிரைவிலோ கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் நிறம் தெரியும், அதற்குள் இருக்கும் அளவை யாராலும் மறுபடி எடுக்க முடியாது. கருவியின் மாடல், ப்ரோபின் பெயர், கணுக்கால் கோணம் மூன்றையும் ரிப்போர்ட்டின் ஓரத்தில் டாக்டர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.